மாமாவின் லோ வோல்டேஜ்

என் மாமாவைப் பொறுத்தவரை உலகத்தில் கரண்ட் இரண்டே வகை. அடிக்கிற கரண்ட், அடிக்காத கரண்ட். அடிக்கிற கரண்ட் டிரான்ஸ்பார்மரில் இருக்கும். அதற்கு அடையாளமாக மண்டை ஓடும் குறுக்கே இரண்டு எலும்பும் வரைந்த தகடு ஒன்றை அங்கே மாட்டியிருப்பார்கள். அடிக்காத கரண்ட் எங்கள் கடையில் இருந்தது. எங்கள் கடையில் மண்டை ஓட்டுப் படம் எதுவும் இல்லை என்பதால் நானும் அதை நம்பினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி நான்கு இரும்புக் குழாய்களை நட்டு, மேலே தகரம் போட்ட இடம். அம்மாதான் முதலாளி, அம்மாதான் சமையல், பாத்திரம் கழுவுவதும் அம்மாதான். மற்ற நாட்களில் காலையில் மட்டும் இட்லி. பௌர்ணமி வந்தால் சாயங்காலமே அடுப்பை மூட்டி சுக்குக் காபியும் சுண்டலும். அப்பா கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பௌர்ணமியில் வேனுக்குச் சவாரி ஜாஸ்தி என்பதால் கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார். அந்த நாட்களில் அம்மாவுக்குத் துணை மாமாதான்.

மாமா அம்மாவுக்குக் கடைசித் தம்பி. அவர்களுடைய தாய் இறந்தபோது அவருக்கு நான்கு வயது, அம்மாவுக்குப் பதினாறு. அதனால் அம்மாவுக்கு அவர் பாதி தம்பி, பாதி பிள்ளை. எங்களுடன்தான் இருந்தார். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்து நான்காவது மாதத்தில் நின்றுவிட்டார். ஏன் நின்றாய் என்று யாராவது கேட்டால், "அவங்க சுவத்துல ஸ்விட்சு படம் வரைஞ்சி காட்டறாங்க. நான் ஸ்விட்சையே கழட்டி மாட்டுவேன். யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்கறது?" என்பார். ஊரில் யார் வீட்டில் மிக்ஸி நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சில மிக்ஸிகள் மறுபடி ஓடவும் செய்தன. அம்மா மலையைப் பார்த்துக் கையெடுக்கும்போதெல்லாம் கேட்ட வரம் ஒன்றே ஒன்று. தம்பிக்கு நிலையாக ஒரு வேலை.

பௌர்ணமி சாயங்காலம் என்றால் எங்கள் பக்கம் கரண்ட் மங்கிவிடும். பாதை நெடுகக் கடைகள், ஒவ்வொரு கடையிலும் பத்துப் பதினைந்து பல்பு, பாட்டுப் பெட்டி, கரும்பு ஜூஸ் மிஷின். எங்கள் டியூப் லைட் இரண்டு முனையிலும் சிவந்து, எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும். ஃபேன் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். இதற்குத்தான் ஊரில் லோ வோல்டேஜ் என்று பெயர். மற்றவர்கள் திட்டுவார்கள். மாமா மட்டும் சந்தோஷப்படுவார். மெயினை அணைக்காமலே பல்பு ஹோல்டரைக் கழற்றுவார், ஃபியூஸ் கம்பியை மாற்றுவார். "லோ வோல்டேஜ்னா பல்லு புடுங்கின பாம்பு பாப்பா. சீறும், கடிக்காது" என்பார்.

அதற்கு ஒரு நிரூபணமும் வைத்திருந்தார். சின்ன ரேடியோவில் போடும் சதுர பேட்டரி ஒன்றை என் நாக்கில் வைக்கச் சொன்னார். சுர்ரென்று புளித்தது.

"செத்துட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"இது ஒம்போது வோல்ட்டு. லோ வோல்டேஜ். இப்ப புரிஞ்சுதா?"

எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒன்பது வோல்ட் பேட்டரியையும் மங்கிப்போன வீட்டுக் கரண்டையும் அவர் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டார் என்பது மட்டும் புரியவில்லை. மறுநாள் அந்தப் பேட்டரியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் வகுப்பு மொத்தத்தையும் நக்க வைத்தேன். அன்று முழுவதும் என் பக்கத்தில் உட்கார அடிதடி நடந்தது.

அந்த மரியாதை ருசித்துவிட்டதால் அடுத்த வாரம் மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய டெஸ்டரைக் கிளப்பிக்கொண்டு போனேன். டெஸ்டர் என்பது கைப்பிடிக்குள் குட்டி விளக்கு வைத்த ஸ்க்ரூ டிரைவர். கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்தால் அந்த விளக்கு சிவப்பாக எரியும். மாமாவின் சட்டைப் பையில் பேனா மாதிரி அது எப்போதும் செருகியிருக்கும். அவர் தன்னை எலக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொள்வதற்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதான். அதைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் தவறவிட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. அதற்கு மறுநாள் பௌர்ணமி.

கடையின் நான்கு குழாய்களில் சாலையைப் பார்த்த குழாய் ஒன்றுக்குத் தனி அந்தஸ்து உண்டு. அதில் மாமா அண்ணாமலையார் படம் ஒன்றைக் கம்பியால் கட்டி, கீழே இரும்புச் சங்கிலியில் ஒரு மணியைத் தொங்கவிட்டிருந்தார். நடந்து வருகிறவர்கள் படத்தைப் பார்த்து நிற்பார்கள், நின்றவர்கள் மணி அடிப்பார்கள், மணி அடித்தவர்களுக்குச் சுக்குக் காபி வாசனை வரும். வாயால் கூவாமல் ஆளை நிறுத்தும் இந்த வித்தையை அம்மாவே மெச்சினார்.

அது ஐப்பசிப் பௌர்ணமி. மத்தியானமே மேகம் கூடிவிட்டது. குழாயைச் சுற்றிக் கட்டுவதற்காக மாமா சீரியல் செட்டை எடுத்தார். இப்போது கிடைக்கும் எல்.இ.டி. சரம் இல்லை. பட்டாணி அளவு பல்புகள் நாற்பது கோத்தது. ஒன்று போனால் மொத்தமும் போய்விடும். போட்டுப் பார்த்தால் எரியவில்லை. போன பல்பு எது என்று தேடிக் கண்டுபிடித்துப் பிடுங்கிப் போட்டு, அந்த இடத்தில் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினார். சுற்றுவதற்கு டேப் இல்லை. பால் பாக்கெட் ஒன்றைக் கிழித்து அதன்மேல் சுற்றி, அம்மா பூக்கட்ட வைத்திருந்த நூலால் இறுக்கினார். பிளக்கும் கிடையாது. வயரின் இரண்டு முனைகளையும் பிளக் துளைகளில் நேராகச் செருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சி வைத்து நெருக்கினார். தடியான தீக்குச்சிகளாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தது நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

"பாப்பா, டெஸ்டரு எங்க?" என்று சட்டைப் பையைத் தடவினார்.

"எனக்கின்னா தெரியும்?" என்றேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி உடு. இத்தினிகூண்டு பல்பு, ஒண்ணொண்ணும் ஆறு வோல்ட்டு. இதுக்குப் போய் டெஸ்டரு எதுக்கு?" என்று முறுக்கிய வயரைக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கூட்டம் வரத் தொடங்கியது. தோளில் சிவப்புத் துண்டு போட்ட ஒருவர், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், நாலைந்து பேரோடு வந்து சுக்குக் காபி குடித்தார். கிரிவலம் வருகிற எல்லோரையும் போல வெறுங்கால். குடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு மணிச் சங்கிலியைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார். அவர் முகம் மாறிவிட்டது.

"இங்க யாரோ இருக்காங்க" என்றார். "உள்ள எறங்குது. சித்தரு இல்லாம இது நடக்காது."

கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டார்கள். ஒவ்வொருவரும் உடல் சிலிர்த்து "அண்ணாமலையானுக்கு அரோகரா" என்றார்கள். சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். என்ன விஷயம் என்று கேட்கவே ஒரு வரிசை உண்டானது. எங்கள் ஊர்ப் பாதையில் சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவர்களில் ஒருவர் கால் வலித்து எங்கள் கடையில் உட்கார்ந்துவிட்டார் என்றால் நம்புவதற்கு என்ன கஷ்டம்?

மாமா ஓடிவந்து சங்கிலியைப் பிடித்தார். ஆட்டினார். "எனக்கு ஒண்ணும் தெரியலியேண்ணே?"

துண்டுக்காரர் அவர் காலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "செருப்பு காலோட சாமியைத் தொட்டா எப்பிடி தம்பி தெரியும்? கழட்டிட்டுத் தொடு."

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். நான் போகவில்லை. என் ரப்பர் செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்துவிட்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. சங்கிலியை ஒரு விரலால் தொட்டேன்.

சுரீர் என்று முழங்கை வரைக்கும் ஏறியது. பயத்தோடு சேர்த்து எனக்கு ஒரு ஞாபகமும் வந்தது. நாக்கில் வைத்த பேட்டரி. அதே சுர், ஆனால் அதற்கு அண்ணன். சித்தர் யாரும் எனக்குத் தட்டுப்படவில்லை.

உள்ளே ஓடி மாமாவின் சட்டையை இழுத்து, "மாமா, அது சாமி இல்ல, கரண்டு" என்று காதில் சொன்னேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டு டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்தார். அது வழக்கம்போல இரண்டு முனையிலும் சிவந்துகொண்டிருந்தது. "கரண்டாவே இருக்கட்டுமே. பாரு, எவ்ளோ கம்மியா வருதுன்னு. இது யாரை இன்னா பண்ணப் போவுது? ஜனங்க சந்தோஷமா இருக்காங்க. உங்கம்மாவும் சந்தோஷமா இருக்குது. நீ வாய மூடிக்க" என்றார்.

அம்மா உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தார். இரண்டாவது அண்டா சுண்டலும் தீர்ந்துகொண்டிருந்தது. அதைவிட, தன் கடைக் கம்பத்தில் அருள் இறங்கியிருக்கிறது என்ற நினைப்பில் அவர் முகம் ஜொலித்தது. அப்படி ஒரு முகத்தை அம்மாவிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் தூறல் ஆரம்பித்தது. பெரிய மழை இல்லை, மண் நனைகிற அளவுக்குத்தான். கூட்டம் கலையவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் சங்கிலியைத் தொட்டாள். "அம்மா!" என்று ஒரு கத்தல். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை வீறிட்டது. நல்லவேளை இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துண்டுக்காரர் கையை உயர்த்தி, "மழை வந்ததும் அருளு ஜாஸ்தியாயிடுச்சி பாருங்க" என்றார். பல் பிடுங்கின பாம்புக்குப் பல் முளைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மா அடுப்பை விட்டு எழுந்தார். கை கால் முகம் எல்லாம் கழுவினார். ஈரக் கையோடு தட்டில் கற்பூரம் வைத்துக்கொண்டு, செருப்பை அடுப்புக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்தார். "எல்லாரும் கும்பிட்டுட்டாங்க. என் தம்பிக்காக நான் ஒருவாட்டி புடிச்சிக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு விரலால் தொட்டுவிட்டு ஓடுகிற ஆள் இல்லை அம்மா. சாமியிடம் ஒன்றைக் கேட்கும்போது இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, முழுசாகச் சொல்லி முடிக்கும் வரை விடமாட்டார்.

நான் ஓடிப்போய் அவர் புடவையைப் பிடித்துத் தொங்கினேன். "தொடாதம்மா! அது கரண்டு! அது சாமி இல்ல!"

"உட்றீ" என்றார் அம்மா. நான் விடவில்லை. கூட்டத்தில் ஒரு அம்மாள், "இன்னா பொண்ணுங்க இது, சாமி எடத்துல நின்னுக்கினு" என்றாள். இன்னொருவர், "குழந்தை வாயில இப்பிடியா வர்றது" என்றார். அம்மாவின் முகம் சிவந்தது. கன்னத்தில் ஒரு அறை விட்டார். நான் அப்போதும் விடவில்லை. அழுதுகொண்டே, "கரண்டும்மா, கரண்டும்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு மாமா வந்தார். என் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"எதுவரைக்கும் ஏறிச்சி?"

முழங்கையைக் காட்டினேன்.

"செருப்பு போட்டிருந்தியா?"

இல்லை என்றேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நனைந்த மண்ணைப் பார்த்தார். கம்பத்தின் உச்சியில் பால் பாக்கெட் சுற்றிய இடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "இவளுக்கு இன்னா தெரியும், சின்னப் பொண்ணு. க்கா, நீ தள்ளு. எனக்காகத்தானே கேக்கப் போற, நானே மொதல்ல கும்பிட்டுக்கறேன்" என்றார்.

செருப்பைக் கழற்றினார். எல்லோரும் சங்கிலியைப் பிடித்தார்கள் என்றால், மாமா கையைத் திருப்பி, புறங்கையைச் சங்கிலியிடம் கொண்டுபோனார். பிள்ளைக்கு ஜுரமா என்று கழுத்தில் வைத்துப் பார்ப்பார்களே, அதைப் போல. அந்த அழுகையிலும் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அடுத்த நொடி அவர் பெஞ்சின்மேல் கிடந்தார். தூக்கி எறிந்ததுபோல விழுந்தார். பெஞ்சில் இருந்த காபி கிளாஸ்கள் எல்லாம் தரையில் சிதறின. அம்மா தட்டைப் போட்டுவிட்டு அலறினார். மெயின் பக்கமே போகக் கூடாது என்பது வீட்டில் எனக்கிருந்த கட்டளை. அதை மீறி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி மெயினை அணைத்தேன். கடை இருண்டது. சித்தர் போய்விட்டார்.

"தம்பி, தம்பி" என்று அம்மா அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் கண் திறந்துதான் இருந்தது. பேச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்ததும், "சாமி இல்லக்கா" என்றார். "என் வேலைதான் அது."

கொஞ்ச தூரத்தில் பௌர்ணமிதோறும் போடும் மருத்துவ முகாம் பந்தல் இருந்தது. அதுவரை மாமாவைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார் என்றால், அந்தத் துண்டுக்காரர்தான். பந்தலில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. நாடியைப் பிடித்தபடி, "எப்படி அடிச்சுது?" என்று கேட்டார்.

மாமா படுத்தபடியே வீறாப்பு குறையாமல், "லோ வோல்டேஜ்தான் மேடம்" என்றார்.

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றார் டாக்டரம்மா. "வர முடிஞ்சவங்க."

ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து, ஒரு ராத்திரி அங்கேயே வைத்திருந்து மறுநாள் விட்டார்கள். புறங்கையில் மிளகு அளவு ஒரு கரிந்த தழும்பு, அவ்வளவுதான். கிளம்பும் முன் துண்டுக்காரர் என் தலையில் கைவைத்து, "உன் வாயில சாமி வந்து சொல்லியிருக்குது பாப்பா" என்று சொல்லிவிட்டு மீதி கிரிவலத்தை முடிக்கப் போனார். சித்தரை விட அவருக்கு மனசில்லை. கம்பத்திலிருந்து எடுத்து எனக்குள் குடிவைத்துவிட்டார்.

அம்மா என்னை அடித்த கன்னத்தில் ஒரு வாரம் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைவிட மாமா விழுந்ததில்தான் உள்ளூரத் திருப்தி. சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று என்னைப் பொய்யாக்கப் போனார், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதே என் முடிவு. இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் அப்படித்தான் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அடுத்த சேர்க்கையில் மாமா யாரும் சொல்லாமலே ஐ.டி.ஐ.க்குத் திரும்பப் போய்ச் சேர்ந்தார். தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து படித்து முடித்தார். ஒரு நாள் புத்தகத்தை விரித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். வீட்டுக்கு வருகிற இருநூற்று முப்பது வோல்ட்டுக்கே படிப்பில் தாழ்வழுத்தம், அதாவது லோ வோல்டேஜ், என்றுதான் பெயராம். ஆறு வோல்ட் பல்பு நாற்பதைக் கோத்தால், முறுக்கி விட்ட இடத்தில் நிற்பது ஆறு இல்லையாம், கிட்டத்தட்ட மொத்தமும் நிற்குமாம். காய்ந்த கையும் காய்ந்த தரையுமாக இருக்கும்போது கூச்சம் காட்டிவிட்டு விடுகிற கரண்ட், ஈரக் கையும் வெறுங்காலும் கிடைத்தால் ஆளையே கொண்டுபோய்விடுமாம். டியூப் லைட் எரியாத அளவுக்கு மங்கினாலும் ஆளைக் கொல்லுவதற்கு அது போதுமாம். "லோன்னு பேரு வெச்சவனைச் சொல்லணும்" என்று முடித்தார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்பிடியோ, நான் கேக்க நெனைச்சதை அவன் கையால தொட்டுக் கேட்டான், அவனுக்குக் குடுத்துட்டாரு" என்றார். அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை. மாமாவுக்கு இன்று லைசென்ஸ் இருக்கிறது, கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முதல் நாள் டேப்பும் எர்த் கம்பியுமாக எங்கள் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்குகிறார். தீக்குச்சி செருகிய பிளக்கைக் கண்டால் கடைக்காரரின் பரம்பரையையே இழுக்கிறார். எங்கள் கடைக் கம்பத்தில் மணி இன்னும் தொங்குகிறது. நூல் கயிற்றில்.

சென்ற மாதம் வேங்கிக்காலில் என் வீட்டு ஃபிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்றது. மாமாவுக்குப் போன் செய்தேன். வந்ததும் முதலில் மெயினை அணைத்தார். எர்த் வயர் கழன்றிருந்தது. மாட்டி முடுக்கினார். மெயினைப் போட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. அதன்பிறகும் பழக்கதோஷம், கையைத் திருப்பிப் புறங்கையால் ஃபிரிட்ஜ் கதவை லேசாகத் தொட்டார்.

என் மகள் சிரித்தாள். "தாத்தா, ஃபிரிட்ஜுக்கு ஜுரமா?"

"இல்லடா கண்ணு. கரண்டு இருக்கற எடத்தை உள்ளங்கையால தொட்டா கை தன்னால மடங்கி அதையே புடிச்சிக்கும். நாம உடணும்னாலும் உடாது. அப்பிடித்தான் ஆளு போயிடறது. புறங்கைன்னா, மடங்கும்போது வெலகி வந்துடும். ஆனா நீ எந்தக் கையாலயும் தொடக் கூடாது, ஆமா. ஐ.டி.ஐ.ல மொத மாசமே சொல்லிக் குடுப்பாங்க."

நான் கொண்டுவந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன். மாமா முதல்தடவை படிப்பை விட்டது நான்காவது மாதத்தில்.

"மாமா, அன்னிக்கும் நீ புறங்கையாலதான் தொட்ட."

அவர் ஃபிரிட்ஜைச் சுவரோரம் தள்ளிக்கொண்டே, "டெஸ்டர் இல்லியே, இன்னா பண்றது?" என்றார்.

"மெயினை அணைச்சிருக்கலாமே?"

"அணைச்சா? இந்தப் பொண்ணு வாய வெச்சிது, அருளு போயிடுச்சின்னு உன்னைத்தான் திட்டுவாங்க. அக்கா மறுபடி போடச் சொல்லும், போய்ப் புடிக்கும். அப்பறம்... எனக்கும் அன்னிக்குப் புத்தி அவ்ளோதான். இன்னிக்கின்னா மொதல்ல மெயினைத்தான் அணைப்பேன்."

"அப்ப நான் சொன்னதை நம்பித்தான் தொட்டியா?"

மாமா டெஸ்டரைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகினார். "டெஸ்டரு எங்கன்னு கேட்டப்ப தெரியாதுன்னியே, அப்ப உன் மூஞ்சிய பார்த்தேன். நீ பொய் சொன்னா எப்பிடி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். அக்கா அடிச்சப்ப அந்த மூஞ்சி இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட்டமே என்னைத் திட்டிய அந்தச் சாயங்காலத்தில் ஒரே ஒரு ஆள் என் பேச்சை முழுசாக நம்பித்தான் செருப்பைக் கழற்றினார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.